எக்செல் கோப்பை வாசித்து எழுதும் கோட்டுக்குச் சோதனை எழுதுவது எப்படி?

கிளிநொச்சியில் கமக்காரர் அமைப்புகளுக்குக் கணினி வேலை செய்துகொடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வோர் அமைப்பும் தன் உறுப்பினர் பட்டியலை எக்செலில் அனுப்புகிறது: பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, காணியின் அளவு, வாய்க்கால். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டத்தில் முடிவானதும், இவர் பைத்தானில் எழுதிய கோட் அந்தப் பட்டியல்களை வாசித்து ஆளாளுக்கு உரிய பங்கைக் கணக்கிட்டு, வாய்க்கால் வாரியாக இன்னோர் எக்செல் கோப்பை எழுதித் தருகிறது. "ஓரிடத்தைத் திருத்தினால் இன்னோரிடம் பிழைத்துப்போகிறது அண்ணா. கோட் சரியாக வேலைசெய்கிறதா என்று தானே பார்க்கும் தானியங்கிச் சோதனை எழுதச் சொல்கிறார்கள். போன முறை வந்த கோப்பையும் இந்த முறை வந்த கோப்பையும் ஒப்பிடுகிற மாதிரி ஒன்று எழுதினேன். கோட்டில் ஒன்றையும் மாற்றாமல் ஓட்டினாலும் இரண்டும் வேறு என்கிறது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளும் வருகின்றன, அவற்றை எப்படி வாசிப்பது? எக்செலுக்குச் சோதனை எழுதவே ஏலாதா?"

ஏலும் தம்பி. ஆனால் கோப்பைக் கோப்போடு ஒப்பிட ஏலாது. இன்றைய எக்செல் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதி. ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றில் கடைசியாகச் சேமித்த நேரம் பதிகிறது. ஸிப் பொதியும் தன் பங்குக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்துவைக்கிறது. ஆகவே ஒரே தரவை இரண்டு முறை எழுதினாலும் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாக இராது. இரண்டு கோப்பையும் திறந்து, தாள் தாளாக, கலம் கலமாகப் பெறுமதியை ஒப்பிடும் சிறிய உதவி ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். வேறுபாடு கண்டால் தாளின் பெயர், கலத்தின் முகவரி, இருந்தது என்ன, வந்தது என்ன என்று நான்கையும் அது சொல்ல வேண்டும். "இரண்டும் ஒன்றல்ல" என்று மட்டும் சொல்லும் சோதனையை இரண்டு நாளில் யாரும் பார்க்கமாட்டார்கள். எழுத்துரு, நிறம், நிரல் அகலம் எல்லாவற்றையும் ஒப்பிடத் தேவையில்லை. திகதிக் கலத்தின் எண் வடிவமைப்பைப் போல, மாறினால் வாசிப்பவருக்குப் பொருளே மாறிவிடும் என்றவற்றை மட்டும் சேருங்கள்.

இந்த ஒப்பீடு பெரிய உதவிதான், ஆனால் உங்கள் தலைவலியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கேள்வியில் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வாசிப்பதும் கணக்கிடுவதும் எழுதுவதும் ஒரே நீண்ட ஃபங்ஷனுக்குள் கிடக்கிறது போலிருக்கிறது. முதலில் அதை மூன்றாகப் பிரியுங்கள். வாசிக்கும் பகுதி எக்செலைத் திறந்து, சுத்தமான பதிவுகளின் பட்டியல் ஒன்றையும், ஏற்கமுடியாத நிரைகளின் பட்டியல் ஒன்றையும் தரட்டும். கணக்குப் பகுதிக்கு எக்செல் என்றொன்று உலகத்தில் இருப்பதே தெரியக்கூடாது, அது பதிவுகளை வாங்கிப் பதிவுகளைக் கொடுக்கட்டும். எழுதும் பகுதி கணக்கே போடக்கூடாது. இப்படிப் பிரித்தால் கணக்குக்கான சோதனைகள் கோப்பே இல்லாமல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும். மிச்சமிருக்கும் சோதனைகளில் பெரும்பங்கை வாசிக்கும் பகுதிக்குக் கொடுங்கள். கனபேர் கணக்குக்குத்தான் அதிகம் எழுதுகிறார்கள், ஏனென்றால் அதற்கு எழுதுவது சுலபம். விரிதாள் வேலையில் பிழை நுழைவது அநேகமாக வாசலால்தான்.

உங்கள் பட்டியலில் எனக்கு முதலில் பயம் தருவது காணி அளவு நிரல். காணி உறுதிகளில் ஏக்கர், றூட், பேர்ச் என்று இருப்பதை ஆக்கள் 2-1-20 என்று அப்படியே தட்டுவார்கள். 4 றூட் ஓர் ஏக்கர், 40 பேர்ச் ஒரு றூட், எனவே அது 2.375 ஏக்கர். எக்செலுக்கு அது தெரியாது, அதன் கண்ணுக்கு அது ஒரு திகதி. நாள் முதலில் வரும்படி அமைத்த கணினியில் 2020 ஜனவரி 2 ஆகிவிடும். மாதம் முதலில் வரும் கணினியில் 2020 பெப்ரவரி 1. பக்கத்து நிரையில் 2-0-10 என்று இருந்தால், நடுவில் சுழியம் வருவதால் திகதியாக முடியாமல் எழுத்தாகவே நிற்கும். ஆக ஒரே நிரலில் பாதி திகதி, பாதி எழுத்து. எக்செல் கோப்பை வாசித்து எழுதும் பைத்தான் நூலகமான ஓப்பன்பைஎக்செல் முதலாவதைத் திகதிப் பொருளாகவும் இரண்டாவதை எழுத்துச் சரமாகவும் தரும். யாராவது அந்த நிரலின் வடிவமைப்பைப் பொது என்று மாற்றிவிட்டால் 2-1-20 இருந்த இடத்தில் 43832 என்ற எண் வரும். கோட் அதை ஏக்கர் என்று எடுத்தால், அந்த ஒரு கமக்காரருக்கே இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் எல்லாம் போதாது.

அரை ஏக்கரை 1/2 என்று தட்டினாலும் இதே கதைதான், அந்த வருடத்தின் ஒரு திகதியாக மாறும். விசித்திரம் என்னவென்றால், 1 1/2 என்று இடைவெளி விட்டுத் தட்டினால் எக்செல் அதை ஒன்றரை என்று சரியாக எடுத்துக்கொள்ளும்.

இதற்குச் சோதனை எழுதுவது எப்படி? பைத்தானில் சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டில் ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளுக்கு ஓட்டும் பாராமெட்ரைஸ் வசதி இருக்கிறது. இடப்பக்கம் கலத்தில் இருப்பது, வலப்பக்கம் வரவேண்டியது என்று அட்டவணை போலக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் பேர்ச்சில் எண்ணுங்கள். "2-1-20" என்ற எழுத்து 380 ஆக வேண்டும். "2-0-10" என்றால் 330. 1.5 என்ற எண் 240. "2 1/4" என்று எழுத்தாக வந்தால் 360. "2-5-10" மறுக்கப்பட வேண்டும், ஐந்து றூட் என்று ஒன்று கிடையாது. "2-1-40" உம் அப்படியே. திகதியாக வந்தது? நாளை ஏக்கராகவும் மாதத்தை றூட்டாகவும் திருப்பி எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். தட்டியவரின் கணினி எந்த முறையில் இருந்தது என்பது கோப்பில் இல்லை. 2-1-20 ஐயும் 1-2-20 ஐயும் பிரித்தறிய வழியில்லாத இடத்தில் கோட் ஊகித்தால், ஒருவருடைய வயலில் ஓர் ஏக்கருக்குக் கிட்டக் குறையும். "பட்டியலின் 17ஆம் நிரையில் காணி அளவு திகதியாக மாறியிருக்கிறது, அமைப்பிடம் கேட்கவும்" என்று மறுப்புப் பட்டியலில் போடட்டும். அந்தச் செய்தியில் நிரை எண் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள், செயலாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கப்போவது நீங்கள்தானே.

அடையாள அட்டை இலக்கம் இரண்டாவது பொறி. பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். எழுத்து ஒட்டியிருப்பதால் பழையது எப்போதும் எழுத்துச் சரமாகவே வரும். ஆனால் அது சின்ன எழுத்தாக இருக்கும், பெரிய எழுத்தாக இருக்கும், முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருக்கும். புதியதை எக்செல் எண் என்று எடுத்துக்கொள்ளும். பொது வடிவமைப்பில் எக்செல் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும், 12 என்றதும் அடுக்குக்குறி வடிவத்துக்குத் தாவிவிடும். கோப்புக்குள் எண் முழுதாகவே இருக்கும், காட்சி மட்டும்தான் சுருங்குகிறது. ஆனால் அதே தாளை யாராவது வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி ஆகச் சேமித்தால் காட்சியில் இருந்தது மட்டும்தான் போகும், கடைசி இலக்கங்கள் திரும்பி வரமாட்டா. பாண்டாஸ் என்ற அட்டவணைத் தரவு நூலகத்தைப் பாவிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: எண்கள் மட்டுமுள்ள நிரலில் ஒரு கலம் வெறுமையாக இருந்தாலும் முழு நிரலும் தசம எண்ணாகிவிடும், பிறகு எழுத்தாக மாற்றும்போது வாலில் ".0" ஒட்டிக்கொண்டு வரும். தொலைபேசி இலக்கத்திலும் இதே வால். அதோடு 077 இன் முன் சுழியமும், கிளிநொச்சி நிலையான இணைப்பின் 021 இன் முன் சுழியமும் பறந்துபோயிருக்கும். 9 இலக்கமாக வந்தால் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும் என்ற விதியை எழுதி, அதற்கும் ஒரு சோதனை வையுங்கள்.

ஒரே ஆளுக்குப் பழைய இலக்கம் ஓர் அமைப்பின் பட்டியலிலும் புதிய இலக்கம் இன்னோர் அமைப்பின் பட்டியலிலும் இருந்தால் இரண்டு பங்கு போய்விடும். பழையதன் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் செருகி, முன்னால் 19 சேர்த்து, எழுத்தை விட்டால் 12 இலக்கம் வரும். இரண்டு வடிவமும் ஒரே ஆளாகப் பிடிபடுகிறதா என்பது கட்டாயம் இருக்க வேண்டிய சோதனை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக உண்மையான ஆக்களின் இலக்கத்தைப் போடாதீர்கள். சோதனைக் கோப்புகள் கோட்டோடு சேர்ந்து, கோட்டைப் பகிரும் தளமான கிற்ஹப்புக்குப் போகும், மடிக்கணினி மாறும், யாரோ ஒருவருக்கு யுஎஸ்பியில் போகும். 2022 இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பெயரும் இலக்கமும் காணியும் சேர்ந்த பட்டியல் கைமாறிப்போவதை வன்னியில் யாரும் சும்மா எடுத்துக்கொள்ளமாட்டார்கள். போலி இலக்கம் செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே 866 க்கு மேல் போகாது. அந்த இடத்தில் 999 போட்டால் அது உலகில் எவருடைய இலக்கமாகவும் இருக்கமுடியாது. உங்கள் கோட் நாள் எண்ணையும் சரிபார்க்கிறது என்றால் அந்தச் சரிபார்ப்புக்கு மட்டும் வேறு உள்ளீடு தேவைப்படும், அவ்வளவுதான்.

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம். இதற்கு உங்கள் மாவட்டத்தின் பெயரே நல்ல சோதனை உள்ளீடு. கிளிநொச்சியில் வரும் "நொ" வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: நகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடாகச் சேர்ப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றேதான். பைத்தானில் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். விளைவு, வெளியீட்டில் கிளிநொச்சி என்று இரண்டு பிரிவு, இரண்டுக்கும் தனித்தனி மொத்தம். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியால் இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகும். கொக்கிளாய், கோணாவில் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஔகாரம் அடங்காது. சௌந்தரி என்பதில் வரும் ஔகாரக் குறியின் வால் பார்வைக்கு ளகரம் மாதிரியே இருப்பதால், கொம்பு போட்டுப் பக்கத்தில் உண்மையான ளகரத்தையே தட்டுவோர் உண்டு. யூனிகோட் விதிப்படி அவை வெவ்வேறு சொற்கள், என்எஃப்சி தொடாது. அதை நீங்களே ஒரு விதியாக எழுத வேண்டும், அந்த விதி "வெள்ளம்" போன்ற நேர்மையான சொற்களைக் கெடுக்கவில்லை என்பதையும் சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், தானாகத் திருத்தாமல் "இவ்விரு பெயரும் ஒன்றா?" என்று எச்சரிப்பதோடு நிற்பேன்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் வரும். கலத்துக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு தமிழாகக் காட்டுகிறது. உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் அது ஆங்கிலப் பெயரா பாமினியா என்று தடுமாறும். ஓப்பன்பைஎக்செலில் கலத்தின் எழுத்துருப் பெயரையும் வாசிக்கலாம், அதில் பாமினி என்றிருந்தால் யூனிகோடாக மாற்றும் கோட்டிடம் அனுப்பலாம். இதற்கான சோதனையில் கலத்துக்கு எழுத்துருவைக் குறிப்பிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சோதனை எதையுமே சோதிக்காது. பெயரின் முன்பின் இடைவெளிகளைப் பைத்தானின் ஸ்ட்ரிப் எடுத்துவிடும், முறியா இடைவெளியையும் சேர்த்து. ஆனால் வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் அகலமே இல்லாத இணைப்பு நீக்கிக் குறியை அது எடுக்காது. அதற்குச் சோதனை அட்டவணையில் ஒரு நிரை சேருங்கள்.

தாளின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. தலைப்பு எப்போதும் முதல் நிரையில் இராது, மேலே அமைப்பின் பெயரும் வருடமும் இருக்கும். நிரல்களின் வரிசை மாறும். எனவே தலைப்பைச் சொல்லால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வாய்க்கால் பெயரை ஐந்தாறு நிரைக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தால், சேர்த்த பகுதியின் முதல் கலத்தில்தான் பெறுமதி இருக்கும், மற்றவை வெறுமை. அதை நிரப்பும் கோட் சேர்க்கப்பட்ட கலங்களுக்கு மட்டும் நிரப்புகிறதா, உண்மையாகவே விடுபட்ட கலத்துக்கும் மேலே உள்ளவரின் வாய்க்காலைக் கொடுத்துவிடுகிறதா என்று இரண்டையும் சோதியுங்கள். ஆயிரம் நிரைக்கு எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தால், பட்டியலில் நாற்பது பேரே இருந்தாலும் நூலகம் கடைசி நிரை 1000 என்று சொல்லும். கடைசியில் "மொத்தம்" என்று ஒரு நிரை இருக்கும், அதை ஓர் உறுப்பினராக வாசித்தால் அமைப்பின் காணி இரண்டு மடங்காகும். மறைத்துவைத்த நிரைகளையும் நூலகம் வாசிக்கும். இறந்தவரின் நிரையை அழிக்க மனம் வராமல் மறைத்துவைத்திருப்பவர்களும் உண்டு, வடிகட்டியை எடுக்க மறந்தவர்களும் உண்டு. இரண்டும் கோட்டுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். என்ன செய்வது என்பதை அமைப்புகளோடு கதைத்து முடிவெடுங்கள், எடுத்த முடிவைச் சோதனையாக எழுதிவையுங்கள்.

இத்தனைக்கும் சோதனைக் கோப்புகளை எங்கே எடுப்பது? பெரும்பாலானவற்றைச் சோதனைக்குள்ளேயே உருவாக்குங்கள். புதிய புத்தகம், இரண்டு மூன்று நிரை, பைடெஸ்ட் தரும் தற்காலிக அடைவில் சேமிப்பு, உடனே வாசிப்பு. உள்ளீடு என்ன, எதிர்பார்ப்பு என்ன என்பது ஒரே திரையில் தெரியும். தயாராகச் செய்துவைத்த கோப்பைப் பாவித்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு அதன் 23ஆம் நிரையில் ஏன் வெறுமையான கலம் இருக்கிறது என்று யாருக்கும் விளங்காது. ஆனாலும் உண்மையான எக்செல் சேமித்த சில கோப்புகள் கட்டாயம் வேண்டும். காரணம், ஓப்பன்பைஎக்செல் சூத்திரங்களைக் கணக்கிடுவதில்லை. எக்செல் சேமிக்கும்போது சூத்திரத்தையும் அதன் கடைசி விடையையும் சேர்த்தே எழுதுகிறது. டேட்டா ஒன்லி என்ற தெரிவோடு திறந்தால் அந்த விடை கிடைக்கும். நீங்கள் பைத்தானில் உருவாக்கிய கோப்பில் விடை எழுதப்பட்டே இருக்காது, எனவே வெறுமைதான் வரும். இதனால் சோதனையில் ஒன்றும் நிஜத்தில் வேறொன்றுமாக நடக்கும். இன்னோர் ஆபத்து: டேட்டா ஒன்லியோடு திறந்த புத்தகத்தை அப்படியே சேமித்தால் சூத்திரங்கள் எல்லாம் போய் எண்கள் மட்டும் மிஞ்சும். அமைப்பு அனுப்பிய மூலக் கோப்பின் மேல் கோட் ஒருபோதும் எழுதுவதில்லை என்று ஒரு சோதனை வைத்துவிடுங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் கோப்பின் பைட்டுகள் ஒன்றா என்று பார்த்தால் போதும். பைட்டுகளை ஒப்பிடுவது சரியான வேலையாகும் ஒரே இடம் இது.

கணக்குப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தசம ஏக்கரில் கணக்குப் போடாமல் பேர்ச்சில் முழு எண்ணாகப் போடுங்கள், உறுதியில் பேர்ச்சுக்கும் பின்னம் வருமென்றால் நூறில் ஒரு பேர்ச்சை அலகாக எடுங்கள். 100 ஏக்கரைச் சம உரிமையுள்ள மூன்று வாய்க்கால்களுக்குப் பிரித்து இரண்டு தசமத்தில் வெட்டினால் 33.33 வீதம் 99.99 தான் வரும். 16,000 பேர்ச் என்று எடுத்தால் 5333, 5333, 5334. மிஞ்சும் ஒரு பேர்ச் யாருக்கு என்பதைக் கோட் தற்செயலாக விடக்கூடாது, ஒரு விதி இருக்க வேண்டும். இங்கே தனி உதாரணங்களைவிடப் பெறுமதியானது ஒரு பொது விதியைச் சோதிப்பது: எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் பங்குகளின் கூட்டுத்தொகை கூட்டத்தில் முடிவான அளவுக்குச் சமம், எவருக்கும் தன் காணியைவிடக் கூடுதலாக இல்லை, பட்டியலின் வரிசையைக் குலைத்தாலும் ஆளுக்குரிய பங்கு மாறுவதில்லை. ஹைப்போதெசிஸ் என்ற பைத்தான் நூலகம் எழுந்தமானமாகப் பட்டியல்களை உண்டாக்கி இவற்றை முயன்று பார்க்கும். அது கண்டுபிடிக்கும் முதல் பிழை அநேகமாக வெறும் பட்டியலாகவோ எல்லாருக்கும் சுழியம் காணியாகவோ இருக்கும்.

எழுதும் பகுதியில் அடிப்படைச் சோதனை எளியது: எழுதி, மூடி, திரும்பத் திறந்து, கலங்களைப் பார். நினைவில் இருக்கும் புத்தகப் பொருளைப் பார்த்தால் போதாது, கோப்புக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அடையாள அட்டை இலக்கம் எழுத்தாகவே திரும்புகிறதா, சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி சுழியத்தோடு வருகிறதா என்று இதில் தெரிந்துவிடும். வாய்க்காலுக்கு ஒரு தாள் என்று எழுதுகிறீர்கள் அல்லவா, தாளின் பெயரில் சாய்கோடு வரக்கூடாது. "வலதுகரை 5/2" என்று ஒரு வாய்க்கால் வந்த அன்றைக்குக் கோட் விழும். பெயர் 31 குறியீட்டுக்கு மேலும் போகக்கூடாது. தமிழில் இந்த எல்லை நினைப்பதைவிட விரைவாக வரும், ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. புதுக்குடியிருப்பு என்பது நமக்கு ஒன்பது எழுத்து, எக்செலுக்குப் பதினெட்டு. ஓப்பன்பைஎக்செல் நீளத்துக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், எக்செல் திறக்கும்போதுதான் கோப்பு பழுது என்று சண்டை பிடிக்கும். வெட்டிச் சுருக்கினால் "புதுக்குடியிருப்பு" என்று தொடங்கும் இரண்டு நீண்ட பெயர்கள் ஒன்றாகிவிடலாம், அதையும் பாருங்கள்.

மொத்தத்தைச் சூத்திரமாக எழுதுகிறீர்களா எண்ணாக எழுதுகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பெறுபவர் கையால் திருத்தப்போகிறார் என்றால் சூத்திரம் நல்லது. அப்போது சோதிக்க வேண்டியது கூட்டும் வீச்சு கடைசி உறுப்பினர் வரை போகிறதா என்பது. பத்துப் பேர் உள்ள தாளுக்கும் பதினொரு பேர் உள்ள தாளுக்கும் சூத்திரத்தின் எழுத்தைப் பாருங்கள். விடையையும் பார்க்க வேண்டுமென்றால், இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸைத் திரையில்லா முறையில் கட்டளை வரியிலிருந்து ஓட்டிக் கோப்பைத் திரும்ப எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றச் சொல்லலாம். அது கணக்கிட்டுச் சேமிக்கும், பிறகு டேட்டா ஒன்லியோடு வாசிக்கலாம். இதற்குச் சில விநாடி எடுக்கும் என்பதால் ஒன்றிரண்டு சோதனைக்கு மேல் வைக்காதீர்கள். முன்பே வடிவமைத்த மாதிரிக் கோப்பில் நிரப்புகிறீர்கள் என்றால், அதிலுள்ள வரைவடிவங்கள் ஓப்பன்பைஎக்செல் வழியாகப் போனால் காணாமற்போகும். கையொப்பத்துக்கு வரைந்த பெட்டி அப்படித்தான் போகும். பெட்டியைக் கலங்களின் எல்லைக்கோட்டால் செய்துவிடுவது சோதனை எழுதுவதைவிட மலிவு.

மின்சாரம் பாதியில் போவதையும் சோதிக்கலாம். வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றும்படி செய்யுங்கள். சோதனையில், சேமிக்கும் ஃபங்ஷனுக்குப் பதிலாகப் பாதியில் பிழை எறியும் போலி ஒன்றைப் பைடெஸ்டின் மங்கிபாட்ச் வசதி மூலம் செருகி, பழைய கோப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அடைவிலுள்ள எல்லாக் கோப்பையும் வாசிக்கும் பகுதிக்கும் ஒன்று: யாராவது கோப்பை எக்செலில் திறந்துவைத்திருந்தால் பக்கத்திலேயே ~$ என்று தொடங்கும் மறைகோப்பு ஒன்று இருக்கும். பெயர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிந்தாலும் அது விரிதாள் அல்ல, அதைத் திறக்கப்போய்த்தான் கோட் விழும்.

எல்லாவற்றையும்விட மலிவான சோதனை எண்ணிக்கை: உள்ளே வந்த உறுப்பினர் நிரைகள், ஏற்றவையும் மறுத்தவையும் சேர்ந்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். இதைச் சோதனையில் மட்டுமல்ல, ஒவ்வொரு முறை ஓடும்போதும் கோட்டே பார்த்து, பிழைத்தால் நிற்க வேண்டும். 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் சில நாள் கணக்கில் வராமலே போனது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 நிரைதான் கொள்ளும், மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. உங்கள் பட்டியல் அவ்வளவு நீளமல்ல, ஆனால் சத்தமில்லாமல் வெட்டுப்பட ஒரு வெறும் நிரையே போதும், அதற்குக் கீழே இருப்பவர்களை வாசிக்காமல் நிறுத்தும் கோட் எத்தனையோ இருக்கிறது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட ஃபங்ஷனை எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது என்று கேட்பீர்கள். தொடமுன் கடந்த போகத்தின் உள்ளீடுகளைப் பெயரும் இலக்கமும் மாற்றி எடுங்கள், தற்போதைய கோட்டை அவற்றின் மேல் ஓட்டி வரும் விடையை அப்படியே எதிர்பார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விடை சரியா பிழையா என்பது இப்போதைக்கு வேண்டாம், நீங்கள் பிரிக்கும்போது மாறாமல் இருந்தால் சரி. முதலில் சொன்ன கலம்கலமான ஒப்பீடு இங்கேதான் கைகொடுக்கும். பிறகு காணி அளவை வாசிக்கும் சிறு துண்டை வெளியே எடுத்து, மேலே சொன்ன அட்டவணையை எழுதுங்கள். சோதனைகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பைடெஸ்டுக்கு முன்னால் ஆங்கிலத்தில் டெஸ்ட் என்ற சொல் மட்டும் போதும், மிச்சத்தைப் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். "திகதியான_காணி_அளவு_மறுக்கப்படும்" என்று சிவப்பில் வந்தால் என்ன பிழை என்று உங்களுக்குப் பிறகு வருபவருக்கும் விளங்கும். எழுதிய ஒவ்வொரு சோதனையையும் ஒரு தடவை கோட்டை வேண்டுமென்றே கெடுத்து விழவைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓப்பன்பைஎக்செல் அவற்றைத் திறக்காது. எக்ஸ்எல்ஆர்டி நூலகம் திறக்கும். அதன் 2.0 பதிப்பிலிருந்து அது எக்ஸ்எல்எஸ் மட்டும்தான் வாசிக்கும், புதியதை வாசிக்காது. இரண்டு நூலகத்துக்கும் இரண்டு வாசல் வைத்து எல்லாச் சோதனையையும் இரட்டிப்பாக்குவதைவிட, வந்ததும் லிப்ரே ஆபீஸால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றிவிட்டு ஒரே வாசலால் விடுங்கள். மாற்றிய கோப்பில் நிரை எண்ணிக்கை குறையவில்லை என்று ஒரு சோதனையும், திகதிகள் நகரவில்லை என்று ஒரு சோதனையும் போதும். இரண்டாவது ஏனென்றால், பழைய மாக் கணினிகளில் உருவான கோப்புகள் திகதியை 1900 இலிருந்து எண்ணாமல் 1904 இலிருந்து எண்ணும். அதைக் கவனிக்காத மாற்றி எல்லாத் திகதியையும் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளிவிடும்.